குளிர்கால விருந்தினர்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கோபாலபுரத்தில் வாழும் நாம் எல்லையின் அருமையை நன்கறிந்தவர்கள். பொள்ளாச்சி சென்று மீள்வதற்குள் சோதனைச் சாவடியைக் கடந்தாக வேண்டும். ஆயின், ஐப்பசியில் நம் தோட்டங்களுக்கு வந்து சேரும் வடபுலத்து விருந்தினர்க்கோ சாவடியும் இல்லை, சீட்டும் இல்லை.

அவர்களுள் ஒருவரைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். ஆறுமணிக்குருவி என்பது அதன் பெயர். பச்சை முதுகும், கண்வழியே கரும்பட்டையும், வாலடியிற் செந்நிறமும் உடையது. வைகறையிலும் அந்தியிலும் சீழ்க்கை ஒலிப்பதால் அப்பெயர் பெற்றது. இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னாட்டிற்கும் இலங்கைக்கும் வருவது. இரவில் நெடுந்தொலை பறந்து களைத்து, சில வேளை வீடுகளுக்குள்ளேயே வீழ்ந்து விடும்.

சென்ற ஐப்பசியில் எம் வீட்டுத் திண்ணையில் அவ்வாறு ஒன்று வீழ்ந்து கிடந்தது. பேரன் கூண்டு வேண்டுமென்றான். எனக்கோ என் சிறுவயது நினைவிற்கு வந்தது. உண்டிவில்லால் இத்தகைய பறவை ஒன்றை வீழ்த்தியவன் யான். கையில் அதன் வெம்மை ஆறியதை இன்றும் மறந்திலேன். துளையிட்ட அட்டைப் பெட்டியில், இருட்டில், அதை இளைப்பாற விட்டோம். மாலையில் வேலியோரப் புதருக்குள் விட்டோம். மறுநாள் வைகறையில் சீழ்க்கை கேட்டது. அதே பறவைதானா என்று யார் அறிவார்? பேரன் பிறகு கூண்டு கேட்கவில்லை.

காட்டுப் பறவையைக் கொல்வதும் அடைப்பதும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆயினும் சட்டத்திற்கு முன்னரே நம்மவர் நெஞ்சம் இவ்வறத்தை அறிந்திருந்தது. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் உழவர், ஏரிப் பறவைகளைச் சுடலாகாதென முறையிட்டு, 1798-இல் கலெக்டரிடம் உறுதிச் சீட்டுப் பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதையும் அவர்கள் கண்டிருந்தனர். அறமும் பயனும் அங்கே ஒன்றாயின.

நமக்கு அணித்தே பரம்பிக்குளம் உள்ளது. 2010-இல் புலிகள் காப்பகமான அக்காடு கேரளத்தது. அதற்குச் செல்லும் சாலையோ தமிழகத்துச் சேத்துமடை வழியது. மார்கழிக் காலையில் குழந்தைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள். பகட்டான ஆடை வேண்டா; பேச்சும் வேண்டா. நீர்க்கரையில் காட்டெருதும் மானும் தாமே காட்சி தரும்.

ஊரிலேயே செய்யத்தக்கவை இரண்டு உண்டு. தீபாவளி வெடியைக் குளக்கரையில் வெடியாதிருப்போம். வேலிப் புதரை முற்றும் அழியாதிருப்போம். சிறுவர்களே! முதற் சீழ்க்கை கேட்ட நாளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் அதை இம்மேடையில் படித்துக் காட்டுங்கள்.

பிழைக்க வந்த இடத்தில் நிழல் கிடைப்பதன் அருமையை நம்மினும் அறிந்தவர் யார்?