மானியமும் ஸ்தாபன பலமும்



ஊர்ச் சங்கங்களுக்கு மானியம் தருகிறோம் என்று பலர் வருகிறார்கள். வாங்கலாமா, கூடாதா என்று நம்முடைய கிராமங்களில் கேட்கிறார்கள். இதற்கு விடை தேட நாம் தூரம் போக வேண்டியதில்லை. நமது பாலாற்றின் கதையையே எடுத்துக்கொள்வோம்.

தோல் ஆலைக் கழிவு வயல்களிலும் ஆற்றிலும் பாய்கிறது, குடிதண்ணீர் கெட்டுவிட்டது என்று 1991-ம் வருஷம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. தோல் ஆலைப் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் ஓரளவோ முழுவதுமோ பயனற்றுப் போய்விட்டது என்ற ஆய்வுக் கணக்கு கோர்ட்டின் முன் வைக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும். நஷ்டத்தைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்க வேண்டும் என்றது கோர்ட்.

ஆணையம் 2001-ல் கணக்கைச் சொல்லிற்று. பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர். நஷ்ட ஈடு சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். தலைக்குச் சராசரி 9,000 ரூபாய்க்குச் சற்று மேல். இந்தச் சொற்பத் தொகையாவது உடனே கைக்கு வந்ததா? வரவில்லை. வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு மறுபடியும் கோர்ட் ஏற வேண்டியிருந்தது. இன்னும் தொகை கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் சர்க்கார் கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடமிருந்து அதை வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இந்த உத்தரவுக்கும் இடையே 28 வருஷங்கள் ஓடிவிட்டன!

இத்தனை வருஷம் ஒரு வழக்கைத் தூக்கிப் பிடிக்க என்ன வேண்டும்? ஆவேசம் ஒரு கூட்டத்துக்குப் போதும். 28 வருஷத்துக்கு ரிஜிஸ்தர் வேண்டும். பெயர்ப் பட்டியல், கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த தாள், மனுவின் நகல், தபால் ரசீது, அவற்றைப் பத்திரமாக வைக்க ஓர் அறை, எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் ஊழியர், அவர் கலெக்டர் ஆபீசுக்குப் போய்வர பஸ் சார்ஜ் எல்லாம் வேண்டும். இவைதான் ஸ்தாபன பலம்.

பட்டா இருப்பவன் பட்டாவைக் காட்டுவான். அதே நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவன் எதைக் காட்டுவான்? நிலம் உப்பானபோது அவனுடைய வேலையும்தானே போயிற்று! அவனுக்குச் சங்கத்தின் ரிஜிஸ்தர்தான் சாட்சி.

முதலாளிகளுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும். பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மத்திய சர்க்கார் 25 சதவீதம், மாநில சர்க்கார் 25 சதவீதம் மானியம் என்று 1991-ல் திட்டம் வந்தது. ஆலைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் அதற்கென்றே கம்பெனிகள் அமைத்தார்கள். நிலையங்கள் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றைக் கண்காணிக்க வேண்டிய மக்களின் சங்கத்துக்கு என்ன மானியம் கிடைத்தது? 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டை சிப்காட் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். கண்காணிப்பு எவ்வளவு அவசியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கொடுக்கிறவர்களின் விதிகளையும் பாருங்கள். 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் பணி செய்யும் ஸ்தாபனங்களின் திறனை வளர்க்க அதில் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2014-ல் விதி செய்தார்கள். 2020-ல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தி, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தார்கள். பெரிய ஸ்தாபனம் வாங்கிய பணத்தைச் சிறிய ஊர்ச் சங்கத்துக்குப் பகிர்ந்து கொடுப்பதையும் தடுத்தார்கள். சேவையின் பேரால் காரும் பங்களாவுமாக வாழ்ந்தவர்கள் உண்டு என்பது உண்மைதான். அதற்காக ரிஜிஸ்தர் வாங்கவும் கணக்கு எழுதவும் காசில்லாமல் ஊர்ச் சங்கங்களைத் தவிக்கவிடுவது நியாயமா?

நிர்வாகச் செலவு வீண் செலவு என்று நம்மிலும் சிலர் நினைக்கிறார்கள். 1926-ம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், அதுகூட ஊழியர் சம்பளம், அலுவலகச் செலவு, கணக்குத் தணிக்கை, வழக்குச் செலவு ஆகியவற்றைச் சங்க நிதியின் முறையான செலவுகளாக ஒப்புக்கொண்டது. ரத்தத்தில் வந்த உரிமைகளைக் காகிதத்தில் காப்பாற்றும் செலவு அது.

ஆகவே, மானியத்தைக் கண்டு ஓடவும் வேண்டாம்; அதன் காலில் விழவும் வேண்டாம். வாங்குவதானால் மூன்று நிபந்தனைகள் வைப்போம். முதலாவது, யார் கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதைப் பொதுச்சபையில் படித்துக் காட்டி, கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். ஆற்றைக் கெடுத்தவனிடமே காசு வாங்கிக்கொண்டு ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்க முடியாது. இரண்டாவது, மானியத்தில் ஒரு பங்கு கணக்கு எழுதவும் தாள்களைக் காக்கவும் நமது இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி தரவும் ஒதுக்கப்பட வேண்டும். மூன்றாவது, வரவு செலவை மாதந்தோறும் தெருவில் ஒட்ட வேண்டும்.

சந்தாவை மட்டும் நிறுத்தவே கூடாது. மானியம் இரண்டு வருஷத்தில் முடிந்துவிடும், வழக்கு முடியாது. அறை வாடகையும் தபால் செலவும் எப்போதும் நம் சந்தாவிலிருந்தே வரட்டும். அப்போதுதான் மானியம் நின்ற மறுநாளும் சங்கத்தின் கதவு திறந்திருக்கும். இந்த வாரமே ஒவ்வொரு கிளையும் தன் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்து, நஷ்ட ஈடு கிடைத்தவர் யார், கிடைக்காதவர் யார் என்று எழுதத் தொடங்கட்டும்!