கேசட்டுக்கு வேண்டியது பூசையா, பிரதியா?

(ஆம்பூரில் பேசியது)



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயம், உங்கள் வீடுகளில் பரண் மேலும் இரும்புப் பெட்டியிலும் கிடக்கின்ற பழைய வீடியோ கேசட்டுகளை, வீட்டில் வைத்து இயக்கக் கூடிய ரிகார்டர் யந்திரத்தைக் கொண்டு தட்டில் பிரதி எடுத்துக் கொள்ளுவதைப் பற்றியதாகும். "இது கடைக்காரன் செய்கிற வேலை, இதற்கு ஒரு கூட்டமா, ஒரு பிரசங்கமா?" என்று சிலருக்குத் தோன்றலாம். கடைசி வரையில் கேட்டுவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள் என்று கேட்டுக் கொள்ளுகிறேன்.

1980, 90களில் நம் ஊர்களில் டெக்கு என்றால் எவ்வளவு பிரமாதம் என்பது இங்கு வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். டெக்கையும் கலர் டி.வி.யையும் வாடகைக்கு எடுத்து வந்து, தெருவே கூடி விடிய விடிய மூன்று நான்கு படம் பார்த்தோம். அரபு நாட்டுக்குப் பிழைக்கப் போனவர்கள் திரும்பி வரும்போது டெக்கு கொண்டு வந்தார்கள். அதே காலத்தில்தான் கலியாணங்களை வீடியோ எடுக்கும் வழக்கமும் வந்தது. தோல் ஷாப்பில் கூலி வேலை செய்கிறவன்கூட கடன் வாங்கியாவது மகள் கலியாணத்தை வீடியோ எடுத்தான். கடன் வாங்கியது சரியா என்பது வேறு விஷயம். ஆனால் அதன் பயனாக, சரித்திரத்தில் முதல் தடவையாக ஏழையின் நடை, உடை, பேச்சு, சிரிப்பு எல்லாம் அசையும் படமாகப் பதிவாயிற்று. அதற்கு முன்னால் யாருடைய உருவம் நிலைத்தது? ராஜாவுக்குச் சிலை இருந்தது. ஜமீன்தாருக்கு எண்ணெய்ச் சாயப் படம் இருந்தது. தோல் உரித்தவனுக்கும், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினவனுக்கும் என்ன இருந்தது?

இன்னொன்றும் பாருங்கள். புரோகிதன் இல்லாமல், மந்திரம் இல்லாமல் நடந்த கலியாணங்கள் 1967-ல் சட்டசபையில் நிறைவேறி 1968 ஜனவரியில் அமுலுக்கு வந்த திருத்தச் சட்டத்தால் செல்லுபடியாயின. அந்தச் சட்டம் அக்கினியைச் சாட்சி கேட்கவில்லை. உற்றார், உறவினர், நண்பர்கள் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்றுக் கொள்ளுவதையே கேட்கிறது. அந்த முன்னிலையில் நின்றவர்கள் யார், என்ன பேசினார்கள் என்பதை அப்படியே காட்டக் கூடியது அந்தக் கேசட்டுதான். அது பூஞ்சணம் பூத்துக் கிடக்கிறது!

கேசட்டு என்பது என்ன? பாலியஸ்டர் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் நாடா. அரை அங்குல அகலம். 3 மணி நேரக் கேசட்டில் அது 250 மீட்டருக்கு மேல் சுற்றப்பட்டிருக்கும். அதன் மேல் இரும்பு ஆக்சைடு போன்ற காந்தப் பொடியை ஒருவிதப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பொடியில் உள்ள காந்த அடையாளந்தான் படமும் சத்தமும். டெக்குக்குள் ஒரு உருளை நிமிஷத்துக்கு 1500 சுற்றுச் சுற்றுகிறது. அதிலுள்ள ஹெட்டு நாடாவை உரசிக் கொண்டு அந்த அடையாளத்தைப் படிக்கிறது. இதில் மாயம் எதுவும் இல்லை. அது கெட்டுப் போவதிலும் விதி எதுவும் இல்லை. காற்றில் உள்ள ஈரம் அந்தப் பசையை மெதுவாகச் சிதைக்கிறது, நாடா பிசுபிசுக்கிறது, பொடி உதிருகிறது. உதிர்ந்த பொடியோடு உங்கள் தாயின் முகமும் உதிர்ந்து போகிறது.

தோல் தொழில் தெரிந்த உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். பச்சைத் தோலை அப்படியே போட்டு வைத்தால் என்ன ஆகும்? நாறும், அழுகும். உப்புப் போட்டு வைத்தால் சில காலம் தாங்கும். ஆனால் உப்புப் போட்டது பதனிட்டது ஆகாது. உரிய காலத்தில் தொட்டியில் இறக்கிப் பதனிட்டால்தான் அது தோல். இல்லாவிட்டால் அது குப்பை. பெட்டியில் வைத்துப் பூட்டிய கேசட்டும் உப்புப் போட்ட தோல் மாதிரிதான். உப்புப் போட்டாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கும் தோல் வியாபாரி எவனாவது உண்டா?

அது மட்டுமல்ல, படிக்கும் யந்திரமே ஒழிந்து கொண்டிருக்கிறது. இந்த வி.எச்.எஸ். முறையை 1976-ல் ஜப்பானில் ஜே.வி.சி. கம்பெனியார் கொண்டு வந்தார்கள். 40 வருஷம் கழித்து, 2016 ஜூலையில், கடைசியாக டெக்கு செய்து வந்த புனாய் என்னும் ஜப்பான் கம்பெனியும் அதை நிறுத்திவிட்டது. 2019-ல் யுனெஸ்கோ ஸ்தாபனமும் ஒலி, ஒளி ஆவணக் காப்பாளர்களின் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து, காந்த நாடாக்களில் உள்ளவற்றை 2025-க்குள் மாற்றிக் கொள்ளாவிட்டால் பெரும்பகுதி கைவிட்டுப் போகும் என்று உலகத்துக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். அந்த வருஷமும் போய்விட்டது. ஆகையால் இனி மீதமிருக்கிற நாள் எல்லாம் லாபக் கணக்குத்தான்.

பிரதி எடுக்காததால் நாம் பட்ட நஷ்டம் கொஞ்சமல்ல. பழைய ஏட்டுச் சுவடிகளை ஆற்றில் விட்டதையும், நெய்யில் தோய்த்து ஆகுதியாக நெருப்பில் போட்டதையும் உ.வே. சாமிநாதையரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். சுவடியைப் புனிதம் என்றார்கள். அதனாலேயே அதைப் படிக்காமல், பெயர்த்தெழுதாமல், நெருப்புக்குக் கொடுத்தார்கள். படித்தவன் கையில் ஒரு பிரதி இருந்திருந்தால் நெருப்பு என்ன செய்துவிடும்?

உங்கள் பக்கத்துச் சங்கதியையே எடுத்துக் கொள்ளுங்கள். தென்னாட்டில் முதல் ஊமைப் படமாகிய "கீசக வதம்" எடுத்த ஆர். நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். நூறு வருஷத்துக்கு முன்னால் அவர் எடுத்த அந்தப் படத்தை இன்று பார்க்க முடியுமா? முடியாது. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் "காளிதாஸ்"? அதுவும் பிரதி இல்லாமல் போயிற்று. புராணக் கதை போனதற்காக நான் அழவில்லை. அந்தக் காலத்து மனிதர்கள் எப்படி நின்றார்கள், எப்படி நடந்தார்கள் என்கிற அத்தாட்சி போய்விட்டதே என்பதுதான் என் வருத்தம்.

இது நம் நாட்டுத் தலையெழுத்து என்று எண்ணிவிடாதீர்கள். 1969-ல் சந்திரனில் மனிதன் இறங்கியதை நேராகப் பிடித்த அசல் நாடாக்கள், வேறு வேலைக்காக அழிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் நாசா ஸ்தாபனமே 2009-ல் ஒப்புக் கொண்டது. பிறகு அந்தக் காட்சியை உலகம் எப்படிப் பார்க்கிறது? டெலிவிஷன் கம்பெனிகள் முதலிய இடங்களில் இருந்த பிரதிகளைக் கொண்டுதான் அதைச் செப்பனிட்டார்கள். அசலை வைத்திருந்தவர்கள் கோட்டை விட்டார்கள். பிரதி வைத்திருந்தவர்கள் காப்பாற்றினார்கள். நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

சரி, எப்படிச் செய்வது? ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, கேசட்டை எடுத்த வேகத்தில் டெக்கில் போடாதீர்கள். ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ பொடி பூத்திருந்தால் அது பூஞ்சணம். அதை டெக்கில் போட்டால் ஹெட்டு அடைபடுவதுடன், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டிக் கொள்ளும். அதைத் தனியே வைத்துக் கை பழகினவரிடம் கொடுங்கள். அதை ஊதி நெஞ்சில் வாங்கிக் கொள்ளவும் வேண்டாம்.

இரண்டாவது, கேசட்டின் முதுகுப் பக்கத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் பட்டை இருக்கும். அதை உடைத்துவிடுங்கள். உடைத்துவிட்டால் தவறிப் போய் மேலே வேறு பதிவு செய்ய முடியாது.

மூன்றாவது, ஒரு தடவை கடைசி வரை ஓட்டி, மறுபடியும் ஆரம்பம் வரை சுற்றுங்கள். பல வருஷம் அசையாமல் கிடந்த நாடா தளர்ந்து, சீராகச் சுற்றிக் கொள்ளும். நாடாவை விரலால் தொடக் கூடாது.

நான்காவது, டெக்கிலிருந்து ரிகார்டருக்கு மூன்று ஒயர். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. படம் நடுங்கினால் டெக்கில் உள்ள டிராக்கிங் பொத்தானைத் திருத்துங்கள். ஒரே தட்டில் 6 மணி நேரம் அடைக்கலாம் என்று யந்திரம் ஆசை காட்டும்; மயங்காதீர்கள். 4.7 ஜிகாபைட் தட்டில் 1 மணி, அல்லது 2 மணி நேரம் போதும். 3 மணிக் கேசட்டுக்கு இரண்டு தட்டுப் போடுங்கள். அதிகமாக அடைத்தால் முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதைந்துவிடும்.

ஐந்தாவது, முடிந்தவுடன் "பைனலைஸ்" என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் அந்தத் தட்டு வேறு யந்திரத்தில் ஓடாமல் போகக் கூடும். பிறகு வேறொரு யந்திரத்தில் போட்டு முழுவதும் ஓட்டிப் பாருங்கள். பார்க்காமல் "ஆகிவிட்டது" என்று நம்புவதும் மூடநம்பிக்கைதான்.

3 மணிக் கேசட்டுக்கு 3 மணி நேரம் ஆகும்; குறுக்கு வழி கிடையாது. அந்த 3 மணி நேரத்தையும் வீணாக்காதீர்கள். வீட்டில் வயதானவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இது யார்? எந்த ஊர்? என்ன வேலை செய்தார்?" என்று கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். நாடா கெட்டால் ஒருவேளை செப்பனிடலாம். பெயர் தெரிந்த கிழவி போய்விட்டால் எந்த யந்திரத்தாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

சினிமாக் கேசட்டுகளுக்காகச் சிரமப்பட வேண்டாம். பல படங்கள் வேறு விதத்தில் கிடைக்கின்றன. அவற்றில் பிரதி எடுக்க முடியாதபடி தடையும் போட்டிருப்பார்கள். உங்களைத் தவிர வேறு யாரிடமும் இல்லாததை முதலில் எடுங்கள்.

ஆயுத பூசை அன்று டெக்குக்கும் ரிகார்டருக்கும் சந்தனம் குங்குமம் அப்புகிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் குங்குமப் பொடி உள்ளே போனால் ஹெட்டுக்கு எமன். வருஷத்தில் ஒரு நாள் பூசை செய்து 364 நாள் தூசியில் போடுவதைவிட, வாரம் ஒரு தடவை துணியால் துடைப்பது யந்திரத்துக்குச் செய்யும் பெரிய மரியாதை. பிரதி எடுக்க நல்ல நாளும் பார்க்க வேண்டாம். கரண்டு இருக்கிற நாளெல்லாம் நல்ல நாள்தான்.

இனி, தட்டில் ஏற்றிவிட்டதோடு வேலை தீர்ந்ததா என்றால் இல்லை. கேசட்டை விட்டுத் தட்டைக் கும்பிட ஆரம்பித்தால் முன்னே செய்த பைத்தியக்காரத்தனத்தையே புதுச் சட்டை போட்டுச் செய்வதாகும். வீட்டில் எழுதும் தட்டில் பதிவைத் தாங்குவது ஒரு சாயம். வெயிலும் சூடும் அதை வெளுக்கும். கீறினாலும் போய்விடும். ஆகையால் தட்டில் உள்ளதைக் கம்ப்யூட்டரிலும், தனி ஹார்டு டிஸ்க்கிலும் ஏற்றுங்கள். கம்ப்யூட்டர் உள்ளவர்கள் ஒரு சிறு இணைப்புக் கருவி வாங்கி நேராக அதிலேயே பதிவு செய்து கொள்ளவும் செய்யலாம். சில வருஷத்துக்கு ஒரு தடவை சோதித்துப் பார்த்துப் புதிதாக மாற்றிக் கொண்டே இருக்க வேண்டும்.

பிரதிகளை எல்லாம் ஒரே வீட்டிலும் வைக்காதீர்கள். 1903 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வாணியம்பாடியை என்ன செய்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பல வருஷம் வெறும் மணலாகக் கிடந்த அதே பாலாறு 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதை நீங்களே கண்ணால் பார்த்தீர்கள். வெள்ளம் யார் வீட்டுப் பெட்டி என்று கேட்டுக் கொண்டு வராது. ஒன்று ஆம்பூரில் இருந்தால், ஒன்று பேரணாம்பட்டில் மகள் வீட்டில் இருக்கட்டும். ஒன்று சென்னையில் மகனிடம் இருக்கட்டும். அசல் கேசட்டையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஈரமும் வெயிலும் படாத இடத்தில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள்.

"எங்களுக்கு இதெல்லாம் வருமா? யந்திரத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். மூன்று ஒயரைச் சொருகவும் நான்கு பொத்தானை அழுத்தவும் யாரும் பிறவியிலேயே யோக்கியதை பெற்று வருவதில்லை. பெண்கள் தாராளமாகச் செய்யலாம். பள்ளிக்கூடப் பையன்கள் நம்மைவிடச் சீக்கிரம் செய்வார்கள். ஓடுகிற டெக்கு ஒன்று, ரிகார்டர் ஒன்று ஒரு தெருவுக்கே போதும். பழைய சாமான் கடையில் தேடுங்கள். பத்து வீட்டார் சேர்ந்து வாங்குங்கள். முறை வைத்துக் கொள்ளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். பிறர் வீட்டுப் பெண்கள், குழந்தைகள் உள்ள படத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் செல்போனில் பரப்புவது அயோக்கியத்தனம்.

தோழர்களே! நம்முடைய முன்னோரைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் பிறர் எழுதி வைத்ததுதான். அதில் அவர்களுக்கு வேண்டியதை எழுதினார்கள், வேண்டாததை விட்டார்கள். நம் பேரப்பிள்ளைகளுக்காவது நம்மை நாமே காட்டக் கூடிய ஒரு வசதி தற்செயலாக நம் பரண் மேல் வந்து கிடக்கிறது. அதைக் காப்பாற்ற எந்தச் சாமியும் வராது. சர்க்காரும் உங்கள் பரணில் ஏறிப் பார்க்காது. நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக எதையும் செய்ய வேண்டாம். வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து ஒரு கேசட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பூஞ்சணம் பூத்திருக்கிறதா இல்லையா என்று உங்கள் கண்ணே சொல்லும். பிறகு செய்ய வேண்டியதை உங்கள் அறிவு சொல்லும்.