நான்கரை மணி நேரம்



பால்மரம் வெட்டிக்கொண்டிருப்பவருக்குத் திடீரென ஒரு கை துவள்கிறது, வாய் ஒருபுறம் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது. இது பக்கவாதம். கை துவண்டாலும் கோளாறு மூளையில்தான் இருக்கிறது. எண்ணெய் தேய்த்து, விடியட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ இந்நோய் நேர்கிறது. அடைப்பே மிகுதி. அடைப்பைக் கரைக்கும் மருந்து உண்டு. பொதுவாக நோய் தோன்றிய நான்கரை மணி நேரத்திற்குள் அதனைச் செலுத்த வேண்டும். வெடிப்பாயின் அதே மருந்து உயிருக்கு உலை வைக்கும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதால், சி.டி. கருவியால் மூளையைப் படமெடுக்காமல் மருத்துவர் அம்மருந்தைக் கொடுக்கமாட்டார்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. அக்கருவியும் அதற்குரிய மருத்துவரும் இரவு பகலாக ஆயத்தமாயிருக்கும் மருத்துவமனைகள் சிலவே. ஜெராமுக்கு வடக்கே தஞ்சோங் காராங் மருத்துவமனையும், தெற்கே கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையும் உள்ளன. எங்கே செல்வது என்பதைத் தூரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. ஓரிடம் போய், அங்கிருந்து மற்றோரிடம் அனுப்பப்பட்டால் பொன்னான நேரம் சாலையிலேயே கழிந்துவிடும்.

லண்டன் மாநகரில் 2010ஆம் ஆண்டில் எட்டு மருத்துவமனைகளை இந்நோயின் அவசர சிகிச்சைக்கெனத் தேர்ந்தனர். ஆம்புலன்ஸ் வண்டிகள் அருகிலுள்ள மருத்துவமனையைத் தாண்டிச் சென்றும் நோயாளியை அவற்றுள் ஒன்றில் சேர்த்தன. இறப்பு குறைந்ததாக ஆய்வுகள் காட்டின. லண்டனும் நம் கடற்கரைச் சாலையும் ஒன்றல்ல என்பது உண்மையே. நம்மைப் போன்ற வட்டாரங்களுக்கு, சிறிய மருத்துவமனையில் எடுத்த படத்தைத் தொலைவிலுள்ள நிபுணர் திரையில் கண்டு ஆலோசனை கூறும் முறையே ஏற்றதென எண்ணுகிறோம். அது பல நாடுகளில் நடைமுறையில் உள்ளது.

எவ்வளவு சிறந்த ஏற்பாடாயினும் அதன் முதற்படி லயத்தில்தான் இருக்கிறது. அறிகுறி கண்டவுடன் 999 எண்ணை அழைத்து, "பக்கவாதம் போலிருக்கிறது" என்று தெளிவாகக் கூறுங்கள். நோயாளி கடைசியாக நலமாயிருந்த நேரத்தையும் சொல்லுங்கள். பெரட்டில் பெயர் கொடுத்தபோது நன்றாயிருந்தார் எனில் அந்நேரமே கணக்கு. தூக்கத்திலிருந்து எழும்போதே கை வராமற்போயிருந்தால், படுக்கப் போன நேரம்.

தண்ணீரோ தேநீரோ புகட்டாதீர்கள், புரையேறும். இரத்தக் கொதிப்பு மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அவர் உண்டுவரும் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு, நேரம் குறித்த தாளையும் அதில் வைத்து, ஆம்புலன்ஸில் வருவோரிடம் ஒப்படையுங்கள்.