விடுதலைக்கு விலை வாங்கியவர்கள்

(படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பேரரசுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். நூறு வருட வரலாற்றை முக்கால் மணி நேரத்தில் சொன்னால் அது வெறும் பெயர்ப் பட்டியலாகத்தான் முடியும். அதனால் ஒரே ஒரு தொகையை மட்டும் பின்தொடரப் போகிறேன். இரண்டு கோடி பவுண்டு. 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டபோது ஒதுக்கிய பணம் அது. அன்றைய பிரிட்டிஷ் அரசின் ஓராண்டுச் செலவில் சுமார் 40 விழுக்காடு.

இந்தப் பணம் யாருக்குப் போனது? தலைமுறை தலைமுறையாகக் கூலி இல்லாமல் உழைத்தவர்களுக்கு என்றுதான் யாருக்கும் நினைக்கத் தோன்றும். அவர்களுக்கு ஒரு பென்னிகூடப் போகவில்லை. முழுத் தொகையும் அவர்களை அடிமையாக வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடாக ஒதுக்கப்பட்டது. சட்டத்தின் பார்வையில் அடிமை என்பவர் சொத்து. சொத்தை அரசு எடுத்துக்கொண்டால் சொந்தக்காரனுக்கு ஈடு தர வேண்டும். இவ்வளவுதான் அவர்களுடைய நியாயம்.

கரீபியன் தீவுகள், பிரிட்டிஷ் கயானா, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி எல்லாம் சேர்த்துச் சுமார் எட்டு லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைத்தார்கள். 1822 முதல் 1830 வரை ஒவ்வொரு காலனியிலும் அடிமைகள் என்ன விலைக்கு விற்றார்கள் என்று சராசரி எடுத்தார்கள். கரும்பு வயலில் வேலை செய்பவருக்கு ஒரு விலை, கைத்தொழில் தெரிந்தவருக்கு ஒரு விலை, குழந்தைக்கு ஒரு விலை, வேலை செய்ய முடியாத முதியவருக்கு ஒரு விலை. மனிதரை மனிதர் விற்கக் கூடாது என்ற சட்டத்தை நடைமுறைப்படுத்த, எட்டு லட்சம் மனிதர்களுக்குக் கடைசியாக ஒருமுறை விலை போட்டார்கள்.

அதோடும் விடவில்லை. 1834 ஆகஸ்ட் 1ஆம் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத்தான் உடனே விடுதலை. மற்றவர்களில் பெரும்பாலோர் 'தொழில் பழகுநர்' ஆனார்கள். பிறந்ததிலிருந்து கரும்பு வெட்டியவருக்கு இனி என்ன பழக வேண்டியிருக்கிறது? பழைய முதலாளியிடமே வாரத்துக்கு 45 மணி நேரம் வரை கூலி இல்லாமல் உழைக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். வயல் வேலை செய்தவர்களுக்கு இது ஆறு ஆண்டு என்று வைத்தார்கள். எதிர்ப்பு வலுத்ததால் 1838இலேயே முடித்துக்கொண்டார்கள். ஆக, முதலாளிக்கு அரசு பணம் கொடுத்தது. அடிமைப்பட்டவர்கள் தங்கள் உழைப்பாலும் அவனுக்கு ஈடு கட்டினார்கள்.

அரசுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஒன்றரைக் கோடி பவுண்டை 1835இல் நேதன் ரோத்ஸ்சைல்டு, மோசஸ் மாண்டிஃபியோர் குழுவிடம் கடனாகத் திரட்டினார்கள். அந்தக் கடன் பத்திரங்கள் வேறு வேறு பத்திரங்களாக மாறி மாறி, கடைசியாக 2015இல்தான் அடைந்தன. 2018இல் பிரிட்டிஷ் நிதித்துறை இதைப் பெருமையாக ட்விட்டரில் போட்டது. உங்கள் வரிப்பணம் அடிமை வணிகத்தை ஒழிக்க உதவியது என்ற பொருளில். எதிர்ப்பு வந்ததும் நீக்கிவிட்டார்கள். ஜமைக்காவிலிருந்தும் பார்படோசிலிருந்தும் லண்டனுக்குப் போய்ப் பேருந்து ஓட்டிய, மருத்துவமனையில் தாதியாக வேலை செய்த அடிமைகளின் வாரிசுகளும் அந்த வரியைக் கட்டியவர்கள்தான். தங்கள் பாட்டன் பூட்டனை விலைக்கு வைத்திருந்தவனுக்குக் கொடுத்த பணத்தின் கடனை அவர்களும் அடைத்திருக்கிறார்கள்.

இழப்பீடு வாங்கியவர்களில் ஒருவரைப் பார்ப்போம். லிவர்பூல் வணிகர் ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை. 2,500க்கும் மேற்பட்ட அடிமைகளுக்காக அவர் பெற்றது ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல். அவருக்குப் பிரிட்டிஷ் கயானாவின் டெமரேராவில் 'சக்சஸ்' என்ற தோட்டம் இருந்தது. 1823இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுந்த அடிமைக் கிளர்ச்சியின் மையம் அதுதான். அதன் தலைவர்களாக அறியப்பட்ட குவாமினாவும் அவர் மகன் ஜாக்கும் அந்தத் தோட்டத்து அடிமைகள். மகனின் பெயர் ஜாக் கிளாட்ஸ்டன் என்றே பதிவேடுகளில் இருக்கிறது. முதலாளியின் பெயரைச் சுமந்துகொண்டு அந்த முதலாளிக்கு எதிராக எழுந்தவர்.

1831 டிசம்பரில் ஜமைக்காவில் சாம் ஷார்ப் தலைமையில் சுமார் 60,000 பேர் கிளர்ந்தெழுந்தார்கள். 300க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். ஷார்ப்பை 1832 மே மாதம் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டே ஒழிப்புச் சட்டம் வருகிறது. பாடப்புத்தகத்தில் இந்தச் சட்டத்துக்கு வில்பர்ஃபோர்ஸின் கருணையைக் காரணம் சொல்வார்கள். அவரும் அவருடைய இயக்கமும் உழைத்தது உண்மை. ஆனால் இனியும் இந்த மக்களை அடக்கி வைக்க முடியாது என்று லண்டனுக்குப் புரியவைத்தவர்கள் தூக்கில் தொங்கியவர்கள்.

சரி, விடுதலை வந்தது. நிலம் வந்ததா? இல்லை. கயானாவில் விடுதலை பெற்றவர்கள் கையில் இருந்த சில்லறையைச் சேர்த்தார்கள். 1839 நவம்பரில் 83 பேர் கூட்டாக நார்த்புரூக் என்ற கைவிடப்பட்ட தோட்டத்தையே விலைக்கு வாங்கினார்கள். அந்த ஊருக்கு விக்டோரியா என்று பெயர். பிறகு பக்ஸ்டன் முதலான ஊர்களும் இப்படியே எழுந்தன. எந்த மண்ணில் தங்களை விலைக்கு வாங்கினார்களோ அதே மண்ணை இவர்கள் விலைக்கு வாங்கினார்கள். தோட்ட முதலாளிகளுக்கு இது பொறுக்கவில்லை. சொந்த நிலம் இருப்பவன் குறைந்த கூலிக்கு வர மாட்டான் அல்லவா? இப்படிக் கூட்டாக நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தப் பின்னர் சட்டங்களும் போட்டார்கள்.

கிளாட்ஸ்டன் இதற்கு முன்பே வேறு வழி தேடிவிட்டார். 1836இல் கல்கத்தாவில் இருந்த கில்லாண்டர்ஸ், அர்பத்நாட் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, கூலி ஆட்கள் கிடைப்பார்களா என்று கேட்டார். வந்த பதிலில் சோட்டா நாக்பூர் மலைப் பழங்குடியினரை மனிதரைவிடக் குரங்குக்கு நெருக்கமானவர்கள் என்று சொல்வார்கள் என எழுதியிருந்தார்கள். உண்பது, குடிப்பது, உறங்குவதைத் தவிர வேறு தேவை இல்லாதவர்களாம். விற்பனைச் சரக்கின் தரத்தைச் சொல்வது போன்ற கடிதம். 1838 மே மாதம் 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' என்ற இரண்டு கப்பல்களில் சுமார் 400 பேர் கயானாவில் இறக்கப்பட்டார்கள். கறுப்பின மக்களின் முழு விடுதலைக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லாத நேரம். ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் செலவில் ஒரு பகுதி பிற்காலத்தில் காலனியின் பொது வரிப்பணத்திலிருந்தே போனது. அதாவது, தங்கள் கூலியை அடித்துக் குறைக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் கப்பல் கட்டணத்தில் ஒரு பங்கை முன்னாள் அடிமைகளே கட்டினார்கள்.

பிரான்ஸும் இதைத்தான் செய்தது. ஹெய்ட்டியின் அடிமைகள் நெப்போலியனின் படையையே தோற்கடித்து 1804இல் சுதந்திரம் அறிவித்தவர்கள். 1825இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை அனுப்பி 15 கோடி பிராங்க் இழப்பீடு கேட்டார். பிறகு அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதைக் கட்ட பிரெஞ்சு வங்கிகளிடமே கடன் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கடன்களின் சுமை 1947 வரை நீண்டது. ஹெய்ட்டி ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அடிமை முறையை ஒழித்த பேரரசு, அந்த நற்பெயரையே அடுத்த நாட்டைப் பிடிக்கும் உரிமைச்சீட்டாகப் பயன்படுத்தியது. அடிமை வணிகத்தைத் தடுக்கிறோம் என்று சொல்லி 1851இல் லாகோஸ் நகரின் மீது குண்டு வீசியது பிரிட்டன். 1861இல் அதைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அடிமை வணிகத்தை ஒழிக்கப்போவதாகச் சொல்லித்தான் பெல்ஜிய மன்னர் லியோபோல்டும் காங்கோவைத் தன் சொந்த உடைமையாக ஆக்கிக்கொண்டார். அங்கே ரப்பருக்காக நடந்த கட்டாய உழைப்பும் கை வெட்டலும் உலகம் அறிந்தவை.

இப்போது 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஆவது பிரிவுக்கு வருகிறேன். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகள், இலங்கை, செயின்ட் ஹெலினா ஆகியவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது அது. மாபெரும் மனிதாபிமானச் சட்டம் என்று கொண்டாடப்படுவதில் நம் முன்னோர்களுக்கு இடமில்லை.

சென்னை மாகாணத்தில் அடிமைகள் இல்லாததாலா? பறையர், பள்ளர், மலபாரின் செருமர், புலையர் ஆகியோர் நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் விற்கப்பட்டதும் அடகு வைக்கப்பட்டதும் கம்பெனி அதிகாரிகளின் அறிக்கைகளிலேயே இருக்கின்றன. அதிகாரிகள் சொன்ன காரணம் வேறு. இது மென்மையான அடிமை முறை, நாட்டு வழக்கம், மதத்தோடு கலந்தது, தலையிட்டால் குழப்பம் வரும் என்றார்கள். நிலவரி ஒழுங்காக வர வேண்டும். வரி கட்டுகிற மிராசுதாருக்கு ஆள் வேண்டும். ஜமைக்காவில் முதலாளிக்குப் பணம் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். இங்கே ஆளையே விட்டுவைத்துச் சமாதானம் செய்தார்கள்.

1843இல் ஐந்தாவது சட்டம் வந்தது. அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. ஆனால் அடிமை வைத்திருப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. அது குற்றமாக 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் அடிமையாள் 'பண்ணையாள்' ஆகிவிட்டார், 'படியாள்' ஆகிவிட்டார். ஏட்டில் பெயர் மாறியது. சேரியும் கடனும் மாறவில்லை. ஆய்வாளர் ரூபா விஸ்வநாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

அந்தச் சேரிகளிலிருந்துதான் கணிசமானவர்கள் கப்பல் ஏறினார்கள், மொரீஷியசுக்கும் நேட்டாலுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும். ஐந்து வருட ஒப்பந்தம், சவுக்கடி, சிறை எல்லாம் தெரிந்தும் சிலர் போனார்கள். ஊரில் இருப்பது அதைவிட மோசமாக இருந்தது என்பதுதான் அதன் பொருள். பேரரசை நான் பாராட்டவில்லை. கிராமத்தைத்தான் குற்றம் சாட்டுகிறேன்.

நம் தோழர்களிடையே ஒரு விவாதம் எப்போதும் உண்டு. வெள்ளைக்காரன் வராவிட்டால் நாம் பள்ளிக்கூடத்தைப் பார்த்திருப்போமா என்று ஒருவர் கேட்பார். எதிர்த்தரப்பில் தேசியவாதிகள், சாதியை இறுக்கியதே வெள்ளைக்காரன்தான் என்பார்கள். முதல் வாதம் பேரரசைத் தப்பவிடுகிறது. இரண்டாவது வாதம் மிராசுதாரைத் தப்பவிடுகிறது. 64ஆவது பிரிவில் இருவரும் சேர்ந்து நிற்கிறார்கள். பள்ளி, இராணுவம், துறைமுகம் என்று சில கதவுகள் திறந்தது உண்மை. அவற்றில் நுழைந்து முன்னேறியது நம் மக்களின் முயற்சி. அதற்கான நன்றிக்கடனை லண்டனுக்குக் கட்ட வேண்டியதில்லை.

நம் முன்னோடிகள் இந்தத் தெளிவோடு இருந்தார்கள். ஜோதிராவ் பூலே 1873இல் 'குலாம்கிரி' நூலைக் கறுப்பின அடிமைத்தனத்தை ஒழிக்கப் போராடிய அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். கடல் கடந்த ஒரு விடுதலையில் தன் மக்களின் விடுதலையைப் பார்த்தவர் அவர். 1930இல் நாக்பூர் மாநாட்டில் அம்பேத்கர், வெள்ளையர் வருவதற்கு முன் ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க முடியவில்லை, இத்தனை ஆண்டு ஆட்சிக்குப் பிறகாவது அந்த உரிமை கிடைத்ததா என்ற பொருளில் கேட்டார். பேரரசிடமும் கணக்குக் கேட்டவர் அவர்.

நாமும் கணக்குத்தான் கேட்க வேண்டும். 1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோதும் ஜமீன்தாருக்குத்தான் இழப்பீடு. அந்த நிலத்தில் உழைத்த பண்ணையாளுக்கு என்ன கொடுத்தார்கள்? முதலாளி வாங்கினால் அதற்குப் பெயர் இழப்பீடு, சட்டம், நியாயம். நாம் கேட்டால் அதற்குப் பெயர் சலுகை. 1833இல் லண்டனில் வகுத்த இந்த அகராதியைத்தான் இடஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் இன்றும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கரீபியன் நாடுகள் ஒன்றுகூடி 2014இல் பத்து அம்சக் கோரிக்கையை ஐரோப்பாவின் முன் வைத்தன. 2023இல் கிளாட்ஸ்டன் குடும்ப வாரிசுகள் சிலர் கயானாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள், அடிமை முறைக்காகவும் கூலி முறைக்காகவும். மன்னிப்பு வரவேற்கத்தக்கது, ஆனால் கடன் அப்படியே இருக்கிறது என்று அங்குள்ளவர்கள் பதில் சொன்னார்கள். இங்கே மிராசுதார்களின் வாரிசுகளிடமிருந்து அந்த மன்னிப்புகூட இன்னும் வரவில்லை. பஞ்சமி நிலம் எங்கே என்று நாம் கேட்பது இந்த நீண்ட கணக்கின் ஒரு வரிதான். அதைக் கூச்சப்படாமல் கேட்போம்.

ஜெய் பீம்.