இலவச டிஷ்ஷும் இருபத்தைந்து டிகிரியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"டெக்னிக்கலா ஏதாவது பேசு, ஆனா பத்து நிமிஷத்துல முடி" என்பது சங்கச் செயலாளரின் உத்தரவு. எனவே நான் தோற்றுப்போன ஒரு கதையைச் சொல்கிறேன்.

2020 ஊரடங்குச் சமயம். திருச்சி பக்கம் எங்கள் கிராமத்தில் இருந்தேன். அக்கா மகளுக்கு இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். வகுப்பெல்லாம் ஆன்லைன். செல்போன் சிக்னலோ வேப்பமரத்தடியில் மட்டும்தான். "மாமா, நீங்க எலக்ட்ரானிக்ஸ்தானே படிச்சீங்க? ஏதாவது பண்ணுங்களேன்" என்றாள்.

வழி இருந்தது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கிய சேவைதான் இன்றைய டிடி ஃப்ரீ டிஷ். நமக்கு மாதச் சந்தா கிடையாது. தனியார் சேனல்கள்தான் ஏலத்தில் இடம் பிடித்துப் பணம் கட்டுகின்றன. அதைச் சுமக்கும் ஜிசாட்-15, 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் போனது. கிழக்கு 93.5 டிகிரியில், நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமி ஒரு முறை தன்னைச் சுற்றும் நேரத்தில் அதுவும் ஒரு சுற்று முடிப்பதால், நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்கும். 2017-ல் தொடங்கிய ஸ்வயம் பிரபா கல்விச் சேனல்களும் அதில்தான் வருகின்றன. நெட் இல்லாமலே ஐஐடி பேராசிரியர் வகுப்பு!

டிஷ்ஷும் எம்பெக்-4 பெட்டியும் வாங்கி வந்தேன். நம் கல்லூரியில் படித்த சூத்திரத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். திசைகாட்டியில் 125 டிகிரி, அதாவது தென்கிழக்கு. ஏற்றக் கோணம் சுமார் 68.5 டிகிரி. டிஷ்ஷின் முகத்தை அப்படியே அண்ணாந்து பார்க்க வைத்தேன். இரண்டு நாள் வெயிலில் நின்றதுதான் மிச்சம். மீட்டர் அசையவே இல்லை.

மூன்றாம் நாள் பக்கத்து ஊர் கேபிள்கார அண்ணன் வந்தார். எட்டாவது வரை படித்தவர். பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, இந்த டிஷ்ஷு பாக்குறது ஒரு பக்கம், சிக்னல் புடிக்கிறது ஒரு பக்கம்."

டிஷ்ஷை நன்றாக நிமிர்த்தினார். எல்என்பியைக் கொஞ்சம் திருகினார். படம் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். வீட்டு டிஷ் முழுக் கிண்ணம் அல்ல. பரவளையத்தின் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்த துண்டு. எல்என்பியின் நிழல் விழாமல் இருக்க அதைக் கீழே தள்ளி வைக்கிறார்கள். அதனால் டிஷ்ஷின் முகம் காட்டும் கோணத்தைவிட இருபது, இருபத்தைந்து டிகிரி மேலே இருந்துதான் சிக்னல் வாங்கும். என் சூத்திரம் பொய்யில்லை. கையில் இருந்த பொருளைத்தான் நான் பார்க்கவில்லை.

அக்கா மகள் அந்த டிவியில்தான் பாடம் படித்தாள். கனமழை பெய்தால் மட்டும் வகுப்புக்கு லீவு. கேயூ பேண்ட் அலைக்கு மழை ஆகாது.

மாணவச் செல்வங்களே, கணக்கை விடாதீர்கள். கூடவே மொட்டை மாடிக்கும் ஏறுங்கள். எங்கள் செட் சார்பில் துறைக்கு மூன்று டிஷ் தருகிறோம், மாட்டாமல், பெட்டியோடு. நீங்களே மாட்டுங்கள். சிக்னல் வராவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள், யாரிடமானாலும்.