ஓட்டல் திருட்டும் மறுவாய்ப்பும்

(உணவு விடுதித் தொழிலாளர்களும் முதலாளிமார்களும் சேர்ந்து கூடிய கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், ஓட்டல்களில் வேலையாட்கள் செய்யும் திருட்டைப் பற்றியும், அப்படித் திருடி அகப்பட்டவர்களுக்கு மறுபடியும் வேலை கொடுக்கலாமா என்பதைப் பற்றியுமாகும். இது கொஞ்சம் சங்கடமான விஷயந்தான். ஏனெனில், இக்கூட்டத்தில் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்காருகிறவர்களும் இருக்கிறீர்கள். இலை போட்டு, பரிமாறி, மேஜை துடைக்கிறவர்களும் இருக்கிறீர்கள். திருட்டு என்கின்ற பேச்சை எடுத்தவுடனே முன்னவர்கள் பின்னவர்களைத் திரும்பிப் பார்ப்பதும், பின்னவர்கள் தலை குனிந்து கொள்வதும் வழக்கமாய்ப் போய்விட்டது. நாம் எந்தப் பக்கத்தாரையும் திருப்தி செய்ய வரவில்லை. இரண்டு பக்கத்தாரையும் ஒரே படியால் அளந்து பார்க்கவே வந்திருக்கிறோம். நாம் சொல்லுவதை உங்கள் சொந்த அறிவைக் கொண்டு சோதித்துப் பாருங்கள். சரியென்று பட்டதை எடுத்துக் கொண்டு மற்றதைத் தள்ளி விடுங்கள்.

திருட்டு திருட்டுத்தான்

ஏழை செய்தால் அது திருட்டல்ல என்று சொல்லுகிற கூட்டத்தைச் சேர்ந்தவர்களல்ல நாம். ஒரு சப்ளையர் இரண்டு தோசைக்குக் காசு வாங்கிக் கொண்டு ஒரு தோசைக்குக் கணக்குக் காட்டுகிறார். சரக்கு அறையைப் பார்த்துக் கொள்பவர் 50 கிலோ உளுந்து வந்ததாகக் கையெழுத்துப் போட்டு 47 கிலோவை இறக்கிக் கொண்டு, குறைந்ததற்குண்டான பணத்தை மளிகைக்காரரோடு பங்கு போட்டுக் கொள்ளுகிறார். சமையற்கட்டு நெய்யும் முந்திரியும் தூக்குப் பாத்திரத்தின் அடியில் வெளியே போகின்றன. தங்கும் விடுதியில் அறை கூட்டப் போனவர் தலையணைக்கடியில் கிடந்த கைக்கடிகாரத்தை எடுத்து விடுகிறார். இப்போது ஒரு புது முறையும் வந்திருக்கிறது. கல்லா மேஜையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையின் மேல் தம்முடைய அட்டையை ஒட்டிவிட்டால், சாப்பிட்டவர் கொடுக்கும் பணம் சத்தமில்லாமல் வேறு கணக்குக்குப் போய்ச் சேருகிறது.

இவற்றால் நஷ்டம் முதலாளிக்கு மாத்திரந்தான் என்று எண்ணுவது தவறு. கடிகாரம் காணாமற் போன அன்று அத்தனை பேருடைய பெட்டியும் சட்டைப் பையும் சோதிக்கப்படுகின்றன. ஒருவர் எடுத்ததற்கு ஒன்பது பேர் நின்று கையைத் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கிறது. பல இடங்களில் குறைந்த தொகையை எல்லோர் சம்பளத்திலும் பிடித்து விடுகிறார்கள். ஆகவே, திருடுகிற தொழிலாளி முதலாளிக்குச் செய்யும் கெடுதியை விட, தன்னோடு ஒரே பாயில் படுத்துறங்கும் தொழிலாளிக்குச் செய்யும் கெடுதியே அதிகம் என்று சொல்லுவோம்.

மை போட்டால் கணக்குச் சரியாகுமா?

திருட்டு நடந்தவுடன் முதலாளிமார் பலர் என்ன செய்கிறார்கள்? கணக்குப் புஸ்தகத்தை எடுத்துப் பார்க்கிறார்களா? இல்லை. வெற்றிலையில் மை தடவிப் பார்க்கிறவனிடம் போகிறார்கள். கோவிலில் காசு வெட்டிப் போடுகிறார்கள். ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுகிறார்கள். மை போடுகிறவன் என்ன சொல்லுகிறான்? "கறுத்த ஆள், நெற்றியில் தழும்பு, தெற்கே இருந்து வந்தவன்" என்கிறான். நம் நாட்டு ஓட்டலில் அந்த அடையாளத்துக்கு ஒருவராவது அகப்படாமல் இருப்பாரா? அவ்வளவுதான், அகப்பட்டவர் திருடராகி விடுகிறார். உளுந்தை எடை போட்டு இறக்க ஒரு தராசும், இறக்கியதை எழுத ஒரு நோட்டும் வைத்திருந்தால் 3 கிலோ குறைவு அன்றைக்கே தெரிந்திருக்கும். தராசு செய்ய வேண்டிய வேலையைத் தெய்வத்தின் தலையில் ஏற்றினால், திருடர் தப்புவார். மிளகாய் வாங்கிய செலவும் பிரயாணச் செலவுமே மிச்சம்.

பிறப்பா, நிலைமையா?

இன்னும் சிலர், திருட்டுப் புத்தி பிறவியிலேயே வருவது என்றும், அது அவன் தலையெழுத்தென்றும், அவன் ஜாதிப் புத்தியென்றும் பேசுகிறார்கள். தனி ஆட்கள் வாய்ப்பேச்சோடு இது நின்றிருந்தாலும் போகட்டும் எனலாம். வெள்ளைக்கார சர்க்கார் 1871-ல் இதையே சட்டமாக்கிற்று. குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற அது 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒன்றும் செய்யாதவர்களும் பிறந்த குலத்துக்காகக் கைரேகை வைக்க வேண்டியதாயிற்று. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் ஜனங்களைப் போலீசார் 1920 ஏப்ரல் 3-ந் தேதி சுட்டதில் பலர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947-லும் தேசம் முழுவதும் 1952-லும் அச்சட்டம் ஒழிந்தது. ஆனால் ஓட்டல் சமையற்கட்டில் அது ஒழிந்து விட்டதா? ஒரு பொருள் காணாமற் போனால் முதல் சந்தேகம் யார் மேல் விழுகிறது? எச்சில் இலை எடுக்கிறவர் மேல் விழுகிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, தமிழில் பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிற பையன் மேல் விழுகிறது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளியின் மைத்துனர் மேல் விழுவதில்லை. பணம் புழங்குமிடம் எதுவோ அங்கல்லவா முதலில் தேட வேண்டும்?

பிறப்பு காரணமல்லவென்றால் வேறு எதுதான் காரணம்? டொனால்ட் கிரெஸ்ஸி என்ற அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடியதற்காக ஜெயிலிலிருந்த பலரை நேரில் விசாரித்து, 1953-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கண்டது மூன்று சங்கதிகள். ஒன்று, பிறரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத பணக் கஷ்டம். இரண்டு, எடுத்தால் தெரியாது என்கின்ற வசதி. மூன்று, எடுப்பதற்கு முன்னாலேயே தன் மனசுக்குத் தானே சொல்லிக் கொள்ளும் சமாதானம்.

இம்மூன்றையும் நம் ஓட்டலில் பொருத்திப் பாருங்கள். கந்து வட்டிக்காரன் கொல்லை வாசலில் வந்து நிற்பது முதலாவது. தராசும் நோட்டும் இல்லாமை இரண்டாவது. "பதினான்கு மணி நேரம் வேலை வாங்கிக் கொண்டு பத்து மணிக்குத்தானே கூலி கொடுத்தான், நான் என் பாக்கியைத்தானே எடுத்துக் கொள்ளுகிறேன்" என்பது மூன்றாவது. இம்மூன்றில் எதுவாவது தலையிலே எழுதியதா? மூன்றும் மனிதர் உண்டாக்கினவை. மனிதரால் மாற்றக் கூடியவை.

முதலாளியின் கையும் மடியும்

மூன்றாவது சமாதானம் தொழிலாளியின் திருட்டை நியாயமாக்காது என்று முன்பே சொன்னோம். ஆனால் அது பொய்யா என்று முதலாளிமார்களைக் கேட்கின்றோம். ஓட்டல் தொழிலாளரின் வேலை நேரத்துக்கும் வார ஓய்வுக்கும் 1958-லேயே நம் சட்டசபை தனிச் சட்டம் செய்தது. உடைந்த தம்ளருக்கும் குறைந்த காசுக்கும் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமானால், அந்த ஆளின் கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டமாய் அது இருக்க வேண்டுமென்றும், பிடிப்பதற்கு முன் அவருடைய சமாதானத்தைக் கேட்க வேண்டுமென்றும் 1936-ல் வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டம் சொல்லிற்று. எத்தனை ஓட்டலில் கேட்டார்கள்? மணிக்கணக்கைக் குறைத்து எழுதுவதும், வாடிக்கைக்காரர் மேஜையில் வைத்துப் போன இனாமைக் கல்லாவில் போட்டுக் கொள்ளுவதும், வராத திருட்டுக்கு எல்லோரிடமும் பிடிப்பதும் திருட்டல்லவென்றால், பிறகு எதுதான் திருட்டு? நெய்யை எடுத்தவருக்குப் போலீஸ். நேரத்தை எடுத்தவருக்கு மாலை மரியாதையா?

சட்டம் என்ன சொல்லுகிறது?

பழைய இந்தியன் பீனல் கோடுக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டம் 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அமுலுக்கு வந்திருக்கிறது. அதன் 303-வது பிரிவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி முதன்முறையாகத் தண்டனை பெறுகிறவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்து விட்டால், அவருக்குச் சமூக சேவையே தண்டனை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எஜமானனுடைய பொருளை வேலைக்காரன் எடுத்தால் 306-வது பிரிவு வருகிறது. அதற்கு 7 ஆண்டு வரை சிறை. 303-ல் சொன்ன சலுகை அதில் இல்லை. அதாவது, தெருவில் வேறொருவர் பையிலிருந்து 200 ரூபாயை முதன்முறையாக எடுத்தவர் அதைத் திருப்பிக் கொடுத்து விட்டால் தெருக் கூட்டி விட்டு வீட்டுக்குப் போகலாம். ஓட்டலில் காப்பி கொண்டு வந்து கொடுக்கிறவர் கல்லாவிலிருந்து அதே 200 ரூபாயை எடுத்தால் 7 ஆண்டு வரை உள்ளே இருக்கலாம். நம்பிக்கையைக் கெடுத்தான் என்பதற்காக இந்த வித்தியாசம் என்கிறார்கள். அப்படியானால், தொழிலாளி நம்பி விட்டு வைத்த சம்பளத்தைக் கொடுக்காத எஜமானனுக்கு எத்தனை ஆண்டு என்று கேட்க நமக்கு உரிமையில்லையா?

ஆனாலும் வழி முழுவதும் அடைபட்டுப் போகவில்லை. முதற் குற்றவாளிகளைச் சிறைக்கனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவதற்கு நம் சென்னை மாகாணம் 1936-லேயே சட்டம் செய்தது. இந்தியா முழுவதற்குமான சட்டம் 1958-ல் வந்தது. முன் தண்டனை இல்லாதவரைக் கண்டித்து விட்டு விடலாம் என்று அது சொல்லும் குற்றங்களில், வேலைக்காரன் திருட்டையும் பிரிவு எண்ணைக் குறித்தே சேர்த்திருக்கிறது. இருபத்தொரு வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கனுப்புவதானால் கோர்ட்டார் காரணம் எழுதியாக வேண்டும். இப்படி விடப்பட்டவரைத் தண்டனையால் வரும் தகுதிக் குறைவு எதுவும் பற்றாது என்று 12-வது பிரிவு சொல்லுகிறது. கோர்ட்டுக்கே இவ்வளவு மனம் இருக்கையில், ஓட்டல் முதலாளிக்கு மாத்திரம் ஏன் இருக்கக் கூடாது?

தயவல்ல, ஏற்பாடு

"மறுபடியும் திருடினால் யார் பொறுப்பு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆகவே மறுவாய்ப்பு என்பதை முதலாளியின் தயாள குணத்துக்கு நாம் விடச் சொல்லவில்லை. தயவு காலையில் வரும், மாலையில் போகும். எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஏற்பாடாக அது இருக்க வேண்டும்.

முதலாவது, குற்றம் சாட்டப்பட்டவர் சொல்லுவதை மற்றொரு தொழிலாளியை வைத்துக் கொண்டு கேட்க வேண்டும். அடித்து எழுதி வாங்கின ஒப்புதலுக்கு ஒரு காசு மதிப்பில்லை. இரண்டாவது, முதல் தடவையாகவும், சிறிய தொகையாகவும், ஒப்புக் கொண்டதாகவும் இருந்தால் வேலையை விட்டுத் தள்ளக் கூடாது. எடுத்ததைச் சிறு சிறு தவணையாகத் திருப்பிக் கொடுக்க விட வேண்டும். மூன்றாவது, குறிப்பிட்ட காலம் வரையில் கல்லாவும் சரக்கறையும் அல்லாத வேலையைக் கொடுக்க வேண்டும். காலம் முடிந்தால் அந்தப் பேச்சும் முடிந்தது. நான்காவது, ஆள் வைத்துக் களவு செய்கிறவரையும், தன் திருட்டை இன்னொருவர் தலையில் கட்டுகிறவரையும், மறுபடி மறுபடி செய்கிறவரையும் இந்த ஏற்பாட்டில் சேர்க்க வேண்டியதில்லை. ஐந்தாவது, தராசும் நோட்டும், முன்பணம் கேட்டால் கொடுக்கும் வழியும் முதலாளி செய்ய வேண்டிய காரியம். கந்து வட்டிக்காரனிடம் போகாதபடி ஒரு தொழிலாளியைத் தடுப்பது பத்துக் காமராக்களை விட மலிவான காவல்.

முக்கியமாக ஒன்று. "உன் திருட்டை மறைத்தேன், ஆகவே சம்பளம் கேட்காதே, ஊருக்குப் போகாதே" என்று ஆயுள் முழுவதும் ஒருவரைக் கட்டிப் போடுகிற முதலாளியும் உண்டு. அது மன்னிப்பல்ல, அடிமைச் சீட்டு. கொத்தடிமை முறையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்திருக்கிறது என்பதை அப்படிப்பட்டவர் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளட்டும்.

பிரத்தியட்ச சாட்சி

இதெல்லாம் மேடைப் பேச்சுக்கு அழகு, நடக்காது என்பவர்களுக்குச் சொல்லுகிறோம். டில்லியில் திகார் ஜெயிலுக்கு வெளியே 2014-ல் ஒரு உணவு விடுதி திறந்தார்கள். சமைத்தவர்களும் பரிமாறினவர்களும் தண்டனை அனுபவித்து வந்த கைதிகளே. இங்கிலாந்தில் ஹை டவுன் சிறைக்குள்ளேயே 2009-ல் பொதுஜனங்கள் போய்ச் சாப்பிட ஒரு ஓட்டல் திறக்கப்பட்டது. கைதிகளுக்குத் தொழில் கற்றுக் கொடுத்து, விடுதலையான பின் வேலையும் தேடிக் கொடுப்பது அதன் நோக்கம். அவ்வளவு தூரமேன்? நம் தமிழ்நாட்டுச் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க்குகளில் கைதிகள் நின்று பெட்ரோல் போட்டுப் பணம் வாங்குகிறார்கள். கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரை நம்பிக் காசையும் கத்தியையும் கொடுக்கலாம். அரைக் கிலோ நெய் எடுத்தவரை நம்பி மேஜை துடைக்கும் துணியைக் கூடக் கொடுக்கக் கூடாது என்பது என்ன நியாயம்?

துரத்தப்பட்டவர் எங்கே போவார்? ஒரு வேலையிலும் சேர்க்காதபடி ஊர் முழுவதும் போன் பேசி விட்டால், அவருக்குத் தெரிந்த தொழில் ஒன்றும், பசி ஒன்றும் மிச்சமிருக்கும். ஒரு தடவை திருடினவரைத் தொழில்முறைத் திருடராக்க இதை விடச் சுலபமான வழி வேறில்லை.

ஆகவே தோழர்களே! தொழிலாளிகளுக்குச் சொல்லுகிறோம்: உங்கள் பாக்கியை நெய்ப் பாத்திரத்தில் தேடாதீர்கள், சங்கமாகச் சேர்ந்து, கணக்குப் புஸ்தகத்தை விரிக்கச் சொல்லிக் கேளுங்கள். நெய்யை எடுத்தவருடைய வாய் அந்தக் கணக்கைக் கேட்க முடியாமல் அடைபட்டுப் போகும். முதலாளிகளுக்குச் சொல்லுகிறோம்: முதலில் உங்கள் சம்பளக் கணக்கைச் சரி செய்து விட்டு, பிறகு சப்ளையரின் சட்டைப் பையில் கையை விடுங்கள். நாணயம் என்பது கீழே இருக்கிறவருக்கு மாத்திரம் விதித்த விரதமல்ல. இரண்டு பக்கத்துக்கும் ஒரே தராசு என்று எந்த ஓட்டலில் ஏற்படுகிறதோ, அந்த ஓட்டலில் மை போடுகிறவனுக்கும் வேலை இருக்காது. போலீசுக்கும் அதிக வேலை இருக்காது.