புகைக்கும் விதி உண்டா?



காற்றில் கரியமில வாயு பெருகிப் பூமியின் சூடு ஏறி வருகிறது என்றால், "கலி முற்றிவிட்டது, எல்லாம் ஆண்டவன் சித்தம்" என்று பதில் சொல்லப் பலர் தயாராய் இருக்கிறார்கள். ஆனால் கரி எரிக்கும் புகையால் பூமி சூடேறும் என்பதை சுவீடன் தேசத்து விஞ்ஞானி அர்ரீனியஸ் 1896-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். இது மனிதன் செயலேயாகும் என்பதற்கு ஐரோப்பாவின் கணக்கே போதிய ருஜுவாகும்.

பிரான்சும் போலந்தும் நெடுங்காலமாய்க் கத்தோலிக்க மதம் வேரூன்றிய நாடுகள். ஒரே போப்பு, ஒரே வேதம், ஒரே ஜெபம். அப்படியிருந்தும் 2022-இல் தலைக்கு வெளியான கரியமில வாயு பிரான்சில் சுமார் 4½ டன். போலந்தில் சுமார் 8 டன். கடவுளுக்குப் பிரெஞ்சுக்காரனிடம் மட்டும் தனிப்பிரியமா என்று கேட்கின்றோம். 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும், பிரான்ஸ் 1974 முதல் அணுசக்தி மின்சார நிலையங்களை ஏராளமாய்க் கட்டத் திட்டமிட்டது. போலந்தோ 2022-லும் பெரும்பகுதி மின்சாரத்தை நிலக்கரியைக் கொண்டே செய்தது. வித்தியாசம் அடுப்பில் இருக்கிறதே ஒழிய ஆகாயத்தில் இல்லை.

சுவீடன் 1991-இல் கரியமில வாயுவுக்கே வரி போட்டது. அங்கு 1970-இல் தலைக்கு 11 டன்னுக்கு மேல் இருந்தது, 2022-இல் 4 டன்னுக்கும் கீழே வந்துவிட்டது. 1882-இல் லண்டனில் கரி மின்சார நிலையம் வைத்த பிரிட்டன், தன் கடைசிக் கரி மின்சார நிலையத்தை 2024-இல் மூடிற்று. 1990-இல் தலைக்குச் சுமார் 10½ டன்னாயிருந்த அதன் புகை 2023-இல் பாதிக்கும் குறைவு.

ஆனால் தோழர்களே, இந்தக் கணக்கையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. அந்நிய நாட்டில் செய்த இரும்பையும் துணியையும் வாங்கி அனுபவிப்பவன் ஐரோப்பியன். அவற்றின் புகையோ செய்து கொடுத்த நாட்டின் பேரில் எழுதப்படுகிறது. லக்சம்பர்க் என்னும் சிறு நாட்டின் கணக்கு ஏறி நிற்பதற்கு, அண்டை நாட்டு வண்டிக்காரர்கள் மலிவென்று அங்கே எண்ணெய் போட்டுக்கொண்டு போவதும் ஒரு காரணம். மேலும் 'தலைக்கு இவ்வளவு' என்பது மாளிகைக்காரன் புகையையும் கூலிக்காரன் புகையையும் ஒன்றாய்க் கூட்டி வகுத்ததுதானே?

ஆகவே எரிப்பவன் யார், அனுபவிப்பவன் யார், சூட்டில் வேகப்போகிறவன் யார் என்று கேட்பதே பகுத்தறிவாகும். விதியென்று வாய்மூடிக் கிடப்பது, எரிப்பவனுக்கு விறகு எடுத்துக் கொடுப்பதேயாகும்.